கவுந்தப்பாடி வரை ஒரே மூச்சில்

ஜூன் 3, செவ்வாய்

நிலானி தூங்கிவிட்டாள். அடுப்பில் அவளுடைய பாட்டில்கள் கொதிக்கின்றன. அது முடிவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

இன்று மாமாவை டாக்டர் வளர்மதியிடம் அழைத்துப் போனேன். மாமா என் கணவர் தரணியின் அப்பா. பெயர் மாரப்பன். கவர்மெண்ட் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். அத்தை போனபிறகு அவரைத் தனியாக விட முடியாது என்றுதான் நானும் குழந்தையும் கோபியில் இருக்கிறோம். தரணிக்கு ஓசூரில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஒரு மாதமாக மாமா எழுந்து நின்றதும் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். கேட்டால், "பழைய வண்டி அம்மிணி. எடுக்கறப்ப சித்த குலுங்கத்தான் செய்யும்" என்று சிரிக்கிறார்.

பிரஷர் பார்த்தார்கள். மேல் எண் நூற்று எழுபது, கீழ் எண் சரியாக இருக்கிறது.

"ரத்தக்குழாய்க்கு வயசாயிருச்சுங்க ஐயா" என்றார் டாக்டர். "ஒவ்வொரு துடிப்புக்கும் அது விரிஞ்சு குடுக்கோணும். உங்களுது விரியாம முட்டிக்கிட்டு நிக்குது. அப்புறம் மூளைக்கும் கிட்னிக்கும் அந்த இடிதான் நேராப் போகும். எத்தனை நேரம் உக்காந்தே இருப்பீங்க?"

"முப்பத்திரண்டு வருசமுங்க" என்றார் மாமா.

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதினார். அதோடு தினமும் வேகமாக நடக்க வேண்டும், மூச்சு வாங்க வேண்டும் என்றார். "நடக்கறப்ப பேச முடியோணும், பாட முடியக்கூடாது. அதான் அளவு."

"நமக்கு உக்காந்திருந்தாலே பாட வராதுங்களே."

கிளம்பும்போது டாக்டர் என்னைப் பார்த்து, "ஹேமா, பிரசவத்துக்கு அப்புறம் பிரஷர் பாக்க வரச்சொன்னனே, வரவே இல்லயே?" என்றார். குழந்தைக்குச் சளி, அது இது என்று சொல்லி அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். நிலானி வயிற்றில் இருந்தபோது கடைசியில் எனக்குப் பிரஷர் ஏறி, நாள் நெருங்கும் முன்பே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிள்ளை வெளியே வந்தால் அதுவும் இறங்கிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். இறங்கியிருக்கும். பத்து மாதம் ஆகிவிட்டதே.

என் அப்பா போனபோது அவருக்கு நாற்பத்தெட்டு. காலையில் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், பிரஷ் வாயில் இருக்கும்போதே சாய்ந்தார். நான் அப்போது காலேஜில் இரண்டாம் வருடம். ஒரு நாள்கூடப் பிரஷர் பார்த்தவரில்லை. இந்த வீட்டில் அது நடக்காது. நான் விடமாட்டேன்.


ஜூன் 5, வியாழன்

பிரஷர் மிஷின் வாங்கினேன். கையில் பட்டையைக் கட்டிப் பித்தானை அமுக்கினால் தானே காற்றை ஏற்றி எண்ணைக் காட்டுகிறது.

எம்.எஸ்சி. வேதியியல் படித்தவளுக்கு ஒரு பழக்கம் விடாது. லேபில் எந்தக் கருவியானாலும் முதலில் அளவு தெரிந்த கரைசல் ஒன்றை வைத்துப் பார்ப்போம். அதைச் சரியாகக் காட்டினால்தான் மற்றதை நம்பலாம். வீட்டில் கரைசலுக்கு எங்கே போவது? எனக்கு முப்பத்தொரு வயது, நோய் நொடி இல்லை. முதலில் என் கையிலேயே கட்டினேன்.

152 / 98.

சிரிப்பு வந்தது. மறுபடி அமுக்கினேன். 149 / 97. என் கை ஒல்லி, பட்டை தளர்ந்திருக்கும். மாமாவுக்குக் கட்டினால் 166. அவருக்குச் சரியாகத்தான் காட்டுகிறது.


ஜூன் 8, ஞாயிறு

தரணி வந்தார். அப்பாவுக்கு ஷூ வாங்கி வந்திருக்கிறார். மாமா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பாம்பைக் கண்டதுபோல் மூடி வைத்தார்.

"வேட்டிக்கு ஷூ போட்டுட்டு நான் ரோட்டுல போகோணுமாக்கும்? அந்த ரோட்டுல பஸ் ஓட்டுனவன்டா நானு. மாரப்பன் பஸ்ஸுக்குக் காசில்லாம நடக்கறானாட்ட இருக்குதுன்னு பேசுவாங்க."

"அப்பா, உங்களுக்கு பாஸ் இருக்குதுன்னு ஊருக்கே தெரியும்."

"அதான் சொல்றேன். பாஸ் வெச்சிருக்கறவன் எதுக்கு நடக்கறான்னு கேப்பாங்க."

கடைசியில் ரோடு வேண்டாம், காலையில் ஸ்கூல் மைதானத்தில் நடப்பது என்று ஒப்புக்கொண்டார். வேட்டி வேண்டாம், பேண்ட் போட்டுக்கொள்ளச் சொன்னதற்கும் ஒப்புக்கொண்டார். கூட்டுக்கு யார் வருவார் என்று எனக்குத் தெரியும். நானே போன் செய்து சொல்லிவிட்டேன்.


ஜூன் 9, திங்கள்

விடிந்ததும் வாசலில் இரண்டு விசில் கேட்டது. பாதித் தூக்கத்தில் இருந்த மாமா, "ரைட்டு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

வந்தது நாச்சிமுத்து. மாமாவின் வண்டியில் பதினெட்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். மாமாவைவிட இரண்டு வயது பெரியவர், ஆனால் இன்னும் ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறார். விசிலை மட்டும் டிப்போவில் திருப்பிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

"ஏனப்பா மாரப்பா, வண்டிய எடுக்கலாமா?"

"உனக்கென்னடா. வேல வெட்டி இல்ல, வந்துட்ட."

"எனக்கு வேலையே நடக்கறதுதானப்பா. நீ ஒரு சீட்டுல உக்காந்துட்டு ஊரூரா போன. நான் அதே வண்டில முன்படிக்கும் பின்படிக்கும் நடந்தே ஈரோடு போயிச் சேந்தேன். இப்பப் பாரு. உன்ற தொப்பைக்கே ஒரு டிக்கெட்டு தனியாக் கிழிக்கோணும்."

மாமா ஷூவைப் போட்டுக்கொண்டார். லேஸ் கட்டக் குனிய முடியவில்லை. நான் உட்கார்ந்து கட்டிவிட்டேன். எழுந்தபோது எனக்கும் கொஞ்சம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று எழுந்தால் யாருக்கும் அப்படித்தான்.


ஜூன் 13, வெள்ளி

மாமா நடந்துவிட்டு வந்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது. சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் கவனித்தேன். முதுகு சொட்டச் சொட்ட ஈரம். அக்குள் காய்ந்து கிடக்கிறது. காலர் மடிப்பு கலையவில்லை. பையில் பஜ்ஜி மடித்த எண்ணெய்க் காகிதம்.

மைதானத்துக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்திருக்கிறார்!

கேட்டேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வேர்வைங்கறது ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு எடத்துல வரும் அம்மிணி."

"பஜ்ஜி எந்த எடத்துல வந்துச்சுங்க மாமா?"

பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.


ஜூன் 14, சனி

நானே போனேன். நிலானியை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்தின் படியில் உட்கார்ந்து காவல் காத்தேன். நாச்சிமுத்து மாமா நேற்றைய பஜ்ஜிக்குத் தானும் உடந்தை என்பதால் இன்று ரொம்ப நல்லவராக இருந்தார். டாக்டர் சொன்ன அளவை அவரிடம் சொன்னேன். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

"பாட்டெல்லாம் இவனுக்கு வராது அம்மிணி. வேற வழி இருக்குது" என்றார்.

அவர் கண்டுபிடித்த வழி இது. நடந்துகொண்டே கோபியிலிருந்து ஈரோடு வரைக்கும் நிறுத்தங்களைச் சொல்ல வேண்டும். பெரிய ஊர் மட்டுமில்லை, நடுவில் உள்ள பிரிவு, மேடு, மில் கேட் எல்லாம். ஒத்தக்குதிரை நிறுத்தம் தாண்டும் முன்பே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், கொஞ்சம் குறைக்க வேண்டும். கவுந்தப்பாடி வரை இழுத்துப் பிடித்து வந்தால் சரியான வேகம். ஒரே மூச்சில் சித்தோடு தாண்டி ஈரோடு போய்விட்டால் ஏமாற்று வேலை, வேகத்தைக் கூட்ட வேண்டும்.

முதல் சுற்றில் மாமா ஆற அமர ஈரோடு பஸ் ஸ்டாண்டு போய், அங்கே இருக்கிற டீக்கடைப் பேரையும் சொன்னார். "ஏமாத்தாதய்யா, டாப் கியர் போடு" என்று பின்னாலிருந்து விசில். மூன்றாவது சுற்றில் ஒத்தக்குதிரை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்று இடுப்பில் கை வைத்தார். முகமெல்லாம் வேர்வை. இந்த முறை அக்குளும் நனைந்திருந்தது.

நானும் குழந்தையோடு ஒரு சுற்று போய்ப் பார்த்தேன். மனசுக்குள்ளே நிறுத்தங்களைச் சொன்னேன். மைதானத்தின் மறுகோடிக்குப் போவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்தது. நிலானி கனத்துவிட்டாள்.


ஜூன் 18, புதன்

தலைவலி. பின்மண்டையில். தூக்கம் போதவில்லை.


ஜூன் 20, வெள்ளி

தலைவலி. மாமா கவுந்தப்பாடிக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் வரை வந்துவிட்டாராம். நாச்சிமுத்து மாமா வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். எதிர்வீட்டு அக்கா, "ஏனுங்க, கவுந்தப்பாடிக்கா நடந்தே போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். மாமா மறுக்கவில்லை.


ஜூன் 24, செவ்வாய்

மாமாவுக்கு இன்று மேல் எண் நூற்று ஐம்பத்திரண்டு. மாத்திரையும் நடையும் வேலை செய்கின்றன. குதிக்கலாம் போலிருந்தது.

வழக்கம்போல் அவருக்கு முன்னால் என் கையில் கட்டிப் பார்த்திருந்தேன். 154 / 100. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் காட்டுகிறது. "இந்த மிஷினை மாத்தத்தான் வேணும், தப்புத்தப்பாக் காட்டுது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மாமா பக்கத்தில்தான் இருந்தார். என் வாயைக் கட்டியிருக்க வேண்டும்.


ஜூன் 25, புதன்

விசில் அடித்தது. மாமா எழவில்லை.

"மிஷினு பொய் சொல்லுதுன்னு நீதான அம்மிணி சொன்ன? அப்ப எனக்கு நூத்தெழுபது காட்டுனதும் பொய்யாத்தான் இருக்கும். நான் எதுக்கு வெடியால எந்திரிச்சு இவன் விசிலுக்கு ஓடோணும்?"

"அது டாக்டர் மிஷின்ல பாத்ததுங்க மாமா."

"அவுங்க மிஷினும் இதே கடையில வாங்கினதா இருக்கும்."

நாச்சிமுத்து மாமாவும் கட்சி மாறிவிட்டார். "அதும் ஞாயந்தானே" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.


ஜூன் 26, வியாழன்

மிஷினைப் பையில் போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

கடைக்காரர் தன் கையில் கட்டினார். 124 / 80. "எனக்கு எப்பவும் இதாங்க" என்றார். கடையில் வேலை செய்யும் பெண்ணுக்குக் கட்டினார். 110 / 70. கடையில் வைத்திருந்த வேறொரு மிஷினை எடுத்து அதே பெண்ணுக்குக் கட்டினார். ஏறக்குறைய அதே எண்தான் வந்தது.

"மிஷின்ல ஒண்ணும் இல்லீங்க. யாருக்குங்க தப்பாக் காட்டுச்சு?"

"எங்க வீட்டுல ஒருத்தருக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அக்கா, உங்களுக்கு ஒருக்காப் பாக்கட்டுங்களா? உக்காருங்க, குழந்தைய நான் வெச்சுக்கறேன்."

நிலானி அழ ஆரம்பித்துவிட்டாள். கிளம்பி வந்துவிட்டேன்.

(நிலானி அழவில்லை. அழுவாள் போலிருந்தது.)


ஜூன் 27, வெள்ளி

மிஷின் சரிதான் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் உடனே, "அப்ப உனக்குக் காட்டுனது?" என்று கேட்டார்.

"நான் வேலை செஞ்சுட்டு, காபி குடிச்சுட்டு, உடனே பாத்தேனுங்க. அப்படிப் பாக்கக் கூடாது."

மாமா எழுந்து போனார். ஷூவை எடுத்துக்கொண்டு வந்து காலை நீட்டினார். இன்று கவுந்தப்பாடிக்கு ஒரு நிறுத்தம் குறைச்சல்.


ஜூலை 1, செவ்வாய்

மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு கையில் துணி, இடுப்பில் நிலானி. பாதிப் படியில் படிகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டன. துணியை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து அப்படியே உட்கார்ந்தேன். நிலானிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அவள் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு.

காலையில் சாப்பிடாததுதான். இட்லி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

கீழிருந்து மாமா பார்த்துவிட்டார். படியேறி வந்தார், சுவரைப் பிடிக்காமல் வந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டார். அவர் இதுவரை அவளைத் தூக்கியதில்லை, கை நடுங்குகிறது என்று மடியில் மட்டும்தான் வைத்துக்கொள்வார்.

"பின்மண்டைல வலிக்குதா அம்மிணி?"

"இல்லீங்க மாமா."

"எத்தன நாளா?"

சிதறிய துணிகளைப் பொறுக்கினேன்.


ஜூலை 2, புதன்

மாமா நடக்கப் போகவில்லை. மாத்திரையும் போடவில்லை. நான் நீட்டிய மாத்திரையை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டார்.

"எனக்கு மிஷின் மேல நம்பிக்க போயிருச்சு."

"கடையிலயே பாத்துட்டு வந்தேன்னு சொன்னனுங்களே!"

"பாத்த. சரின்னாங்க. சரியான மிஷினுதான் உனக்கும் காட்டுச்சு. அத நீ நம்பல. எம்.எஸ்சி. படிச்ச நீயே நம்பாதத, எட்டாவது படிச்ச நான் எதுக்கு நம்போணும்? பொய்யின்னா ரெண்டு பேருக்கும் பொய் அம்மிணி. நெசம்னா ரெண்டு பேருக்கும் நெசம். எதுன்னு நீயே சொல்லு."

"மாமா, மாத்திரைய நிறுத்தறது விளையாட்டில்லீங்க. எங்கப்பா…"

நான் முடிப்பதற்குள் அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவ்வளவு பிடிவாதக்காரரோடு அத்தை எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று தெரியவில்லை.

வாசலில் விசில் மூன்று தடவை அடித்துவிட்டு ஓய்ந்தது.


ஜூலை 3, வியாழன்

இன்றும் போடவில்லை. மேல் எண் நூற்று அறுபத்தொன்பது. மைதானத்தில் அவர் சிந்திய வேர்வையெல்லாம் போச்சு.

தரணிக்குப் போன் செய்தேன். "அப்பாவ நான் அதட்டறேன்" என்றார். அதட்டினார். அடுத்த அறைவரை கேட்டது. மாமா, "சரிடா, சரிடா" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். மாத்திரை ஜன்னல் திட்டிலேயே இருக்கிறது. போனில் தரணி, "நீ நல்லா இருக்கீல்ல?" என்று கேட்டார். இருக்கேன் என்றேன்.

இப்போது எழுதும்போது யோசிக்கிறேன். எதற்கு நான் இவ்வளவு பயப்படுகிறேன்? எண்ணுக்கா? எண் வந்துவிட்டால் அப்புறம் அதை என்ன செய்வது என்பதற்கா? எனக்கு ஒன்று என்றால் நிலானியை யார் பார்ப்பது, இவரை யார் பார்ப்பது? அதனால் எனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னால் எழுதியிருக்கிறேன். லேபில் இப்படிச் செய்த பையன்களை மேடம் வெளியே நிறுத்துவார்.

நாளை போகிறேன்.


ஜூலை 4, வெள்ளி

போனேன். மாமா கேட்காமலே குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் சிறிது நேரம் சும்மா உட்காரச் சொன்னார். பிறகு வலது கை, இடது கை, மறுபடி வலது கை. அவருடைய மிஷின், நான் கொண்டுபோன மிஷின். ஐந்தாறு தடவை பார்த்தார். எல்லாம் நூற்றைம்பதைச் சுற்றி அதே ஊரைத்தான் சொன்னது.

"வீட்டுல எவ்வளவு காட்டுச்சு?"

சொன்னேன். ஜூன் ஐந்திலிருந்து எல்லா எண்ணும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. நம்பாத எண்களை எதற்கு மனப்பாடம் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அத்தன நாளும் தெரிஞ்சே இருந்திருக்குது. அப்பறம் ஏன் வரல?"

"மிஷினைச் சரிபாக்கத்தான் என் கையில கட்டினேன் மேடம். எனக்கு நார்மல்னு வெச்சுக்கிட்டு…"

சொல்லும்போதே நான் சொல்வது எனக்கே கேட்டது. அளவு தெரிந்த கரைசல் என்று யாரை வைத்தேன்? அந்தக் கரைசலை யாரும் அளந்ததே இல்லை. பாட்டிலில் நானே பெயர் எழுதி ஒட்டிக்கொண்டது. கருவி ஒரு மாதமாகச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

டாக்டர் நிறைய சொன்னார். பிரசவத்தில் பிரஷர் ஏறிய பெண்களுக்கு அது சில பேருக்கு அப்படியே தங்கிவிடும், தங்காதவர்களுக்கும் பின்னால் வர வாய்ப்பு அதிகம், அதனால்தான் வரச் சொன்னது. அப்பாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார். தாய்ப்பால் கொடுக்கும்போது போட்டுக்கொள்ளக்கூடிய மாத்திரை எழுதினார்.

"உன்ற மாமனாருக்குச் சொன்னதேதான் உனக்கும். அவருக்குக் குழாய் வெறைச்சுப் போச்சு, இனி மேல வெறைக்காமப் பாக்கறோம். உனக்கு இன்னும் எளக்கமா இருக்குது. இப்பப் புடிச்சா அப்படியே வெச்சுக்கலாம். மாத்திரை பிரஷரை எறக்கும். ஆனா குழாய்க்குப் பழக்கம் நடைதான் குடுக்கோணும். நல்லா நடக்கறப்ப ரத்தம் வேகமா ஓடும், அது உள்சுவரைத் தேய்ச்சுத் தேய்ச்சுச் சொல்லிக் குடுக்கும், விரி, விரின்னு."

"எங்கப்பா நாப்பத்தெட்டுல போனாருங்க மேடம். எனக்கு இன்னும் பதினேழு…"

"கணக்குப் போடாத. நட."

வீட்டுக்கு வந்தேன். மாமா கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நிலானி அவருடைய மூக்குக் கண்ணாடியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னங்கறாங்க?"

"மிஷின் சரிதானுங்க மாமா."

அவர் எழுந்தார். குழந்தையோடு உள்ளே போனார், ஜன்னல் திட்டில் இருந்த மாத்திரையை எடுத்தார், தண்ணீர்கூட இல்லாமல் வாயில் போட்டு விழுங்கினார். நேற்றைய மாத்திரையையும் எடுக்கப் போனவரைக் கையைப் பிடித்துத் தடுத்தேன்.


ஜூலை 6, ஞாயிறு

தரணி வரவில்லை, ஓவர்டைம். போனில் எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஜூன் அஞ்சாந் தேதியிலிருந்தா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். என் ஷூ சைஸ் கேட்டார்.


ஜூலை 7, திங்கள்

விசில் அடித்ததும் மாமா, "ரெண்டு டிக்கெட்டு" என்றார்.

நிலானியை என்ன செய்வது என்பதுதான் என் கடைசிச் சாக்காக இருந்தது. மாமா அதையும் யோசித்து வைத்திருந்தார். முதலில் அவர் நடப்பார், நான் குழந்தையோடு படியில். அப்புறம் அவர் குழந்தையோடு படியில், நான் நடப்பேன். "டூட்டி மாத்திக்கலாம் அம்மிணி. வழியில டிரைவர் மாறுறது புதுசா?"

மைதானத்தில் பெண்கள் இருந்தார்கள், ஆனால் எல்லாம் ஐந்தாறு பேர் சேர்ந்து மெதுவாக, பேசிக்கொண்டே. நான் தனியாக, சுடிதாரும் ஓட்டைச் செருப்புமாக, விறுவிறுவென்று போனபோது ஒரு அம்மா, "ஏங்கண்ணு, பஸ்ஸு போயிருச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், மூச்சு இல்லை.

"ஊரு சொல்லு, ஊரு சொல்லு!" என்று நாச்சிமுத்து மாமா படியிலிருந்து கத்தினார்.

ஒத்தக்குதிரைகூட வரவில்லை.

"பரவால்ல, பாதி வழியிலயே கட் சர்வீஸ்!" என்றார்.


ஜூலை 12, சனி

ஒத்தக்குதிரை.

ஓசூரிலிருந்து பார்சலில் ஷூ வந்தது. ஊதா நிறம். எனக்குப் பிடிக்காத நிறம், தரணிக்குத் தெரியும், கடையில் அதுதான் இருந்ததாம். போட்டுக்கொண்டேன்.


ஜூலை 17, வியாழன்

மழை. மொட்டைமாடிப் படியில் ஏறி இறங்கினேன், குழந்தையைக் கீழே மாமாவிடம் விட்டுவிட்டு. அன்று துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அதே படியில் ஒவ்வொரு தடவையும் காலை அழுத்தி வைத்துப் போனேன்.


ஜூலை 19, சனி

டாக்டரிடம் போய் வந்தோம், இரண்டு பேரும். மாமாவுக்கு நூற்று நாற்பத்தாறு. எனக்கு 138 / 90. ரத்தம், கிட்னி சரியாக இருக்கிறது. மாத்திரையைத் தொடரச் சொன்னார். இன்னும் இறங்க வேண்டும், ஆனால் இறங்குகிறது.

வெளியே வந்ததும் மாமா, "உனக்கு என்னவிடக் கம்மி" என்றார், தோற்றுப்போனவர் மாதிரி.

"நீங்க முப்பத்திரண்டு வருசம் உக்காந்தீங்களே மாமா."

"அதச் சொல்லியே காலத்த ஓட்டு."


ஜூலை 25, வெள்ளி

தலைவலி இல்லாத ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ. எண்ணுவதை விட்டுவிட்டேன். நெய் விட்ட பருப்பு சாதத்தை நிலானி முழுக்கச் சாப்பிட்டாள். நானும் சூடாக இருக்கும்போதே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மாமா தன் பஜ்ஜி ஆசையை நாச்சிமுத்து மாமாவிடம் ஒப்படைத்துவிட்டார். அவர் தின்பார், இவர் பக்கத்தில் நின்று எப்படி இருக்கிறது என்று கேட்பார்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

தரணி நேற்றே வந்துவிட்டார். காலையில் கலவைச் சோறு கட்டும் வேலை இருந்தது. அது காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கல்யாணமாகி நான்கு வருடத்தில் முதல் தடவையாக அப்படிச் சொன்னேன்.

தரணி, "நானும் வரேன், ஒரு சுத்துதானே" என்று கூட வந்தார். இரண்டாவது சுற்றில் பின்தங்கினார். மூன்றாவதில் படியில் உட்கார்ந்து அப்பாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். மாமா மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவனுக்கும் ஒரு மிஷின் வாங்கோணும் நாச்சி" என்றார்.

நான் நிற்கவில்லை. நாச்சிமுத்து மாமா இரண்டு விசில் கொடுத்தார். சொல்லிக்கொண்டே போனேன். மொடச்சூர் பிரிவு, மேடு, மில் கேட், ஒத்தக்குதிரை. மறுகோடியில் வேப்பமரம் வந்தது. மூச்சு இருந்தது. பாடச் சொன்னால் முடியாது, ஆனால் இருந்தது. கால் ஒரு கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. நெஞ்சு அடித்தது, அது பயத்தில் அடிக்கும் அடியில்லை, எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. படிக்குப் பக்கத்தில் வரும்போது, "கவுந்தப்பாடீ!" என்று கத்தியே விட்டேன்.

மைதானத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எறங்கறவங்க எறங்குங்க!" என்றார் நாச்சிமுத்து மாமா.

மாமா எழுந்து நின்றார். எதையும் பிடிக்காமல். "யாரும் எறங்கல. நீ ரைட்டு குடு."


ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று விடியும் முன்பே விழித்துக்கொண்டேன். மாமா இன்னும் எழவில்லை. நாற்காலியில் சாய்ந்து, காலை ஊன்றி, டாக்டர் சொன்னபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு பட்டையை என் கையில் கட்டினேன். யாருக்காகவும் மிஷினைச் சோதிக்கவில்லை.

எண் வந்தது. நம்பினேன்.

வாசலில் விசில் கேட்டது. லேஸைக் கட்டிக்கொண்டேன்.